சீட்டைக் கேட்காத சங்கம்

அரசுப் பேருந்துத் தொழிலாளர் சங்கங்களில் முப்பது, நாற்பது வருடம் குப்பை கொட்டியவர்கள் நாங்கள். என்னவெல்லாம் வாங்கிக் கொடுத்தோம் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வோம். பஞ்சப்படி, போனஸ், கலெக்‌ஷன் பேட்டா, வாரிசு வேலை, ஓய்வூதியம், ஓய்வுபெற்றவர்களின் நிலுவை. ஒவ்வொன்றுக்கும் வாயிற்கூட்டம் நடத்தியிருக்கிறோம், தொண்டை கட்டக் கோஷம் போட்டிருக்கிறோம், 2024 ஜனவரியில் நடந்தது போல வண்டியையே நிறுத்தியிருக்கிறோம். ஓட்டுநர் தன் பணிக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கும் சீட்டுக்காக மட்டும் ஒரு வாயிற்கூட்டம் போட்டதில்லை. ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ‘இதர கோரிக்கைகள்’ என்று கடைசிப் பக்கத்தில் அது ஒரு வரியாக வந்தால் பெரிது. அந்தப் பக்கத்துக்குப் பேச்சு போவதற்குள் டீ வந்துவிடும். டீ முடிந்தால் கையெழுத்து.

குறுக்குவலி இல்லாத சீனியர் டிரைவரை டிப்போவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. எங்களில் பாதிப் பேர் அந்த சீட்டிலிருந்து எழுந்து சங்க அலுவலக நாற்காலிக்கு வந்தவர்கள்தான். தெரிந்திருந்தும் கேட்கவில்லை.

அந்த சீட் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பழைய வண்டிகளில் இரும்புச் சட்டம், அதன் மேல் ஸ்பாஞ்ச், அதன் மேல் ரெக்சின். கொஞ்ச காலத்திலேயே ஸ்பாஞ்ச் நடுவில் பள்ளம் விழுந்துவிடும், ரெக்சின் ஓரம் கிழிந்து தொங்கும். முன்னும் பின்னும் நகர்த்துகிற லீவர் துருப்பிடித்து ஒரே இடத்தில் செத்துக் கிடக்கும். குள்ளமான டிரைவர் காலையில் ஓட்டிய அதே தூரத்தில்தான் ஆறடி டிரைவர் மாலையில் முட்டியை மடக்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். அதனால் ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஒருவர் வீட்டிலிருந்து தலையணை கொண்டு வருவார். இன்னொருவர் துண்டை நாலாக மடித்து இடுப்புக்குக் கொடுப்பார். சாய்மானம் ஆடினால் சைக்கிள் டியூபை அறுத்து இழுத்துக் கட்டிக்கொள்பவரும் உண்டு. இடது பக்கம் இன்ஜின் பானெட் சூடு. அதே பக்கம் கியர் ராடு. ஒவ்வொரு கியருக்கும் இடுப்பு ஒரு பக்கமாக முறுகும், இடது கால் கிளட்சை அமுக்கும். நகரத்து வழித்தடத்தில், ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று போகிற வண்டியில், ஒரு டூட்டிக்கு இது எத்தனை தடவை நடக்கிறது என்று நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஐம்பத்தைந்து வயது டிரைவர் ஒருவர் டூட்டி முடிந்து இறங்குவதை நின்று பாருங்கள். இளவட்டங்கள் கதவைத் திறந்து ஒரே தாவலில் தரைக்கு வந்துவிடுவார்கள். இவர் முதலில் ஸ்டீயரிங்கைப் பிடித்து உடம்பை சீட்டின் ஓரத்துக்கு நகர்த்துவார். பிறகு வண்டியைப் பார்த்துத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் படியில் ஊன்றி, அடுத்த காலைத் தரையில் வைத்ததும் அப்படியே கொஞ்சம் நிற்பார். இடுப்பு நிமிர அவ்வளவு நேரம் வேண்டும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் டயரைக் காலால் தட்டிக் காற்றுப் பார்ப்பது போலப் பாவனை செய்வார். அந்தப் பாவனையை நாங்களும் கண்டும் காணாதது போலக் கடந்து போவோம்.

“உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, உனக்கு என்னய்யா இடுப்புவலி?” என்று கண்டக்டர்களே கேட்பதுண்டு. காலம் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்கள் அப்படிக் கேட்பதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்திருப்பது மட்டும்தானா நடக்கிறது? லீஃப் ஸ்பிரிங் வண்டி குண்டும் குழியுமான ரோட்டில் போகும்போது, குலுக்கல் சீட் வழியாக நேரே முதுகில் ஏறுகிறது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு தானும் சேர்ந்து அதிகமாக ஆடுவது, குலுக்கல் நொடிக்கு நான்கிலிருந்து ஆறு தடவை வரை இருக்கும்போது. பேருந்தும் லாரியும் தருவது ஏறக்குறைய அந்த வகைக் குலுக்கல்தான். பள்ளம் விழுந்த ஸ்பாஞ்ச் அதைத் தணிப்பதில்லை, பல நேரம் கூட்டிவிடுகிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்குக்கு, வளர்ந்தவர்கள் உடம்பில் நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு அசைவது அதற்குச் சத்து ஊற உதவும். வயது ஏற ஏற அதன் ஈரமும் குறையும். டிரைவர் மணிக்கணக்காக இடத்தைவிட்டு அசையாமலே குலுங்கிக்கொண்டிருக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. எட்டு மணி நேர வேலைக்கு, உடம்பு முழுதும் படுகிற அதிர்வு நொடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே விடக் கூடாது. எங்கள் தலைவர்களும் வெளிநாட்டுத் தொழிற்சங்க மாநாடுகளுக்குப் போய் வந்திருக்கிறார்கள். வரும்போது போட்டோ கொண்டுவந்தார்கள், சால்வை கொண்டுவந்தார்கள். இந்த எண்ணை ஒருவரும் கொண்டுவரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பஸ் டிப்போவின் சாதாரண நோட்டுப் புத்தகம் என்ன சொல்லும் என்பதற்கு லண்டனில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்துகளின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953ல் லான்செட் இதழில் எழுதினார். மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று அதில் காட்டினார். பின்னால் சீருடை அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்து, டிரைவர்களின் பேன்ட் இடுப்புச் சுற்றளவு பெரிது என்றும் எழுதினார். தையல் அளவு எழுதிய நோட்டு மருத்துவ ஆதாரம் ஆனது. எங்கள் சங்க அலுவலகங்களில் இல்லாத நோட்டா? மெடிக்கல் லீவு தகராறு, சார்ஜ் மெமோவுக்குப் பதில், சம்பளம் பிடித்ததற்கு மேல்முறையீடு என்று பீரோ பீரோவாகக் கிடக்கிறது. எந்த வயதில் லீவு கூடுகிறது, எந்த வழித்தடத்து டிரைவர் அதிகம் படுக்கிறார், எந்த மாடல் வண்டிக்குப் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று அந்தக் காகிதங்கள் சொல்லியிருக்கும். நாங்கள் அவற்றை ஒவ்வொன்றாக வாதாடி, ஒவ்வொன்றாக மூடி வைத்தோம். சேர்த்துப் படிக்கவில்லை.

சேர்த்துப் படிக்காததன் விளைவு, குறுக்குவலி எப்போதும் தனி ஆளின் பலவீனமாகவே இருந்துவிட்டது. “அண்ணே, இடுப்பு விட்டுப்போச்சு, இன்னிக்கு ஏற முடியாது” என்று ஒருவர் வந்து நின்றால் எங்கள் மனத்தில் முதலில் வருவது சந்தேகம். நேற்றுக் கல்யாண வீட்டில் நன்றாகத்தானே பந்தி பரிமாறினார்? எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு தெரியும், சர்க்கரைக்கு ரிப்போர்ட் வரும். இதற்கு என்ன காட்டுவார்? ஸ்கேன் எடுத்து வரச் சொல்வோம். ஸ்கேனில் ‘தேய்மானம்’ என்று வந்தால், வயசானால் தேயத்தானே செய்யும் என்று நிர்வாக டாக்டர் சொல்வார். ஒன்றும் வராவிட்டால் நடிப்பு. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, வலி இல்லை. நாட்பட்ட இடுப்புவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று ஸ்கேனில் விரல் வைத்துக் காட்டவும் முடிவதில்லை. ஆக ஸ்கேனைத் தராசாக வைத்து நாங்கள் சொன்ன தீர்ப்புகளுக்கு மதிப்பே இல்லை. அந்த ஸ்கேனுக்கு டிரைவர் கைக்காசு செலவழித்தது ஒன்றுதான் நிஜம்.

லைட் டூட்டி விஷயத்துக்கு வருவோம். இதை எழுதக் கை கூசுகிறது. முடியாதவருக்குக் கொஞ்ச காலம் ஸ்டீயரிங்கிலிருந்து விடுதலை கொடுத்து, டிப்போவுக்குள்ளேயே வேறு வேலை கொடுப்பதற்கு ஏற்பட்டது அது. அதை நாங்கள் சங்க உறுப்பினர் சேர்க்கும் சரக்காக ஆக்கினோம். ஆட்சி மாறினால் கொடி மாறும், கொடி மாறினால் லைட் டூட்டிப் பட்டியல் மாறும். நிஜமாகவே இடுப்பு முடியாதவர் வண்டியில் இருந்தார், கூட்டத்துக்கு ஆள் திரட்டத் தெரிந்தவர் மேசைக்கு வந்தார். எல்லாச் சங்கங்களும் இதைச் செய்தோம். மாற்றி மாற்றிக் குற்றமும் சொன்னோம். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு நிறுவன ஊழியரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது, செய்யக்கூடிய வேறு பணிக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் அதையே சொன்னது. சான்றிதழ் பெறும் அளவுக்கு முதுகு கெட்டவர்களுக்கு இது உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. உரிமை என்று தெரிந்தால் எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள்? அதனால்தான் தகவல் பலகையில் அதை ஒட்டவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஓய்வு வயது வந்தது. 2020 மே மாதம் 58லிருந்து 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு வந்தது. ஓய்வூதியப் பலன் கொடுக்கப் பணமில்லாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்று மேடையில் திட்டினோம். வீட்டுக்குப் போய் இரண்டு வருடச் சம்பளத்தைக் கணக்குப் போட்டோம். எழுத்தரின் 60ம் டிரைவரின் 60ம் ஒன்றா என்று எந்தச் சங்கமும் அழுத்திக் கேட்கவில்லை. 60 வரை ஓட்ட வேண்டும் என்றால் 55க்கு மேல் தொடர்ந்து இரவுப் பணி கூடாது, நெடுந்தூர வண்டி கூடாது, டபுள் டூட்டி கூடவே கூடாது என்று அன்றைக்கே பேசியிருக்க வேண்டும்.

நிர்வாகத்துக்குப் புரிகிற மொழியும் ஒன்று இருந்தது. அதையும் நாங்கள் பேசவில்லை. அவர்களுக்குக் கிலோமீட்டர், கே.எம்.பி.எல். (லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர்), கலெக்‌ஷன் என்று மூன்று மந்திரம்தான். மூன்றுக்குள்ளும் டிரைவரின் இடுப்பு இருக்கிறது. சீனியர் ஒருவர் காலையில் வர முடியவில்லை என்றால் சிங்கிள் கட் ஆகும், அல்லது இரவு முழுக்க ஓட்டிவிட்டு இறங்கியவரைப் பிடித்து மறுபடி ஏற்றுவார்கள். அவருக்கு நாற்பது வயது என்றால் அவருடைய குறுக்குவலி அன்றைக்குத் தொடங்குகிறது. லீவு போடுகிறவரால் ஆகும் நஷ்டமாவது கணக்கில் தெரியும். வலியோடு வந்து ஓட்டுகிறவரால் ஆவது தெரியவே தெரியாது. கிளட்சை முழுதாக மிதித்தால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை மின்னல் வெட்டுகிறது என்று பாதி மிதியில் கியர் மாற்றுவார். கிளட்ச் பிளேட் தேயும், டீசல் கூடும். மாசக் கடைசியில் கே.எம்.பி.எல். குறைந்ததற்கு அவருக்கு மெமோ வரும். அந்த மெமோவுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பதில்களில் வண்டியைக் குறை சொன்னோம், டிராபிக்கைக் குறை சொன்னோம். டிரைவரின் இடுப்பைப் பற்றி எழுதினால் வேலைக்குத் தகுதியில்லை என்று மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதை உடைக்க வேண்டியவர்கள் யார்?

வைத்தியம் என்ற பெயரில் நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறோம். மே தினத்தன்று மூத்த ஓட்டுநர்களுக்கு இடுப்பு பெல்ட் வழங்கி, படம் எடுத்துச் சங்கப் பத்திரிகையில் போட்டோம். நாட்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. பெல்ட் போன்ற முட்டுகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் இருக்கிறது. முறையான உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், அதோடு வாழப் பழகுவதற்கான உளவியல் உதவி இவற்றைத்தான் அது முன்னே வைக்கிறது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சிகிச்சை கோடாலித் தைலமும் டைக்ளோ ஊசியும். காலையில் ஒரு ஊசி, அன்றைக்கு டூட்டி ஓடிவிடும். கடைசி ஸ்டாப்பில் கக்கூஸ் இருக்காது என்பதால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். குடிக்கிற தண்ணீர் குறைந்த உடம்பில் அந்த ஊசியும் மாத்திரையும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கக்கூஸ் கேட்டோமா என்றால், கேட்டோம். சீட்டைப் போலவே, கடைசிப் பக்கத்தில்.

ஓய்வும் அப்படித்தான். இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. நைட் ஹால்ட் போன டிரைவர்கள் பயணிகள் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக் கொசுக்கடியில் விடிய வைத்ததை நாங்கள் அனுபவக் கதையாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லிப் பழகிவிட்டோம்.

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்ற பெண்கள் உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளத்தில் 2018ல் சட்டத் திருத்தம் வந்தது, தமிழ்நாட்டில் 2021ல். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சங்கம்கூடக் கிடையாது. எங்களுக்குச் சங்கத்துக்கும் குறைவில்லை, கொடிக்கும் குறைவில்லை. இன்னொன்றும் நடந்தது. சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. இன்ஜின் பின்னால் போய்விட்டது, ஏர் சஸ்பென்ஷன். ஓட்டியவர்கள், இடுப்பு தப்பித்தது என்கிறார்கள். அந்த வண்டி வரக் காரணம், தாங்களும் ஏறும்படியான பேருந்துதான் வாங்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் வருடக்கணக்கில் உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் போராடி எங்கள் டிரைவர்களுக்கு நல்ல வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, எங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒரு மனுப்போட்டு அவர்கள் பக்கத்தில் நாங்கள் நின்றிருக்க வேண்டும்.

இனி என்ன என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. புது வண்டிக்கு டெண்டர் போடும்போது சீட்டின் தரமும் சஸ்பென்ஷனும் நிபந்தனையில் எழுதப்பட வேண்டும். பாடி கட்டி முடித்த மாதிரி வண்டியை மந்திரி கொடியசைப்பதற்கு முன்னால், உயரம் வேறு வயது வேறாகச் சில டிரைவர்கள் முழு டூட்டி ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். லைட் டூட்டியைச் சங்கங்களின் கையிலிருந்து பிடுங்கி, மருத்துவரும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்த குழுவிடம் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை எங்களில் சிலர் மென்று விழுங்கித்தான் ஒப்புக்கொண்டார்கள், அதையும் மறைக்கவில்லை.

எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குமாகச் சேர்த்து 2025 மார்ச்சில் 3,274 டிரைவர்-கம்-கண்டக்டர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அப்படி உள்ளே வருகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. டூட்டி முடிந்ததும் லாக் ஷீட்டில் பிரேக், கிளட்ச் என்று எழுதுவீர்கள். சீட் ஆடுகிறது, லீவர் வேலை செய்யவில்லை, ஸ்பாஞ்ச் இல்லை என்பதையும் எழுதுங்கள். “சீட் இல்லாட்டியும் வண்டி ஓடும்பா” என்று ஷெட்டில் யாராவது சொன்னால் மறுநாளும் எழுதுங்கள். எழுதியதைப் போட்டோ எடுத்துக் கிளைச் செயலாளருக்கு அனுப்புங்கள். அவர் கண்டுகொள்ளவில்லை என்றால், அடுத்த சங்கத் தேர்தலில் அவரை மாற்றிவிடுங்கள். அவர் எங்களில் ஒருவராக இருந்தாலும் சரி.